உங்கப்பாகிட்ட சொல்லு

எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கட்டினவன் கையில் கிடைத்தால் நன்றாகக் கேட்டு விடுவேன். அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் தும்மினால் இந்தப் பக்கம் என் தையல் மெஷினில் நூல் அறுந்து போகும். இத்தனை வருஷமும் அவர்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டபடிதான் காலர் வைக்கிறேன், பட்டன் தைக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கால்சட்டைக்கு இடுப்பு பிடிக்கிறேன். கேட்காதே என்றால் காதில் பஞ்சா அடைத்துக்கொள்ள முடியும்? எனக்கு வாய் நீளம் என்று இந்தத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லட்டும். எனக்குக் காதும் நீளம்தான்.

அவர்களுக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. சமையலறையிலிருந்து தெருவுக்கு வர வேண்டுமென்றால் கண்ணாடிக்கு நடுவில்தான் வர வேண்டும். இரண்டு பக்கமும் சாய்வான மரச்சட்டங்களில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஷீட்டுகள் அடுக்கி நிற்கும். நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி. வெட்டுகிற மேஜை மேல் பழைய கம்பளம் விரித்திருக்கும், கட்டரை நனைக்க ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய், மூலையில் உடைசல் போடுகிற டிரம். கடையைக் கூட்டி முடித்த பிறகும் தரையில் எங்கேயாவது ஒரு பொடி மின்னும். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பன்னிரண்டு வயது வரைக்கும் வந்துவிட்டது என்றால் அதற்குக் காரணம் ஆண்டவன் என்று அவர் சொல்வார். "ஆண்டவன் வந்து தரையைக் கூட்டுனாரா?" என்று அவர் பெண்டாட்டி கேட்பாள். சண்டை ஆரம்பமாகிவிடும்.

குழந்தையை எல்லோரும் சில்லு என்றுதான் கூப்பிடுவோம். அப்பா வைத்த செல்லப் பெயர். கண்ணாடிச் சில்லு மாதிரி கையில் பிடிபடாமல் தெறித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் வைத்தாராம்.

அவர் மோசமான மனுஷன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஏழு வயது வரைக்கும் அவளைக் கடைக்குள் நடக்க விட்டதே இல்லை. காலையில் வீட்டிலிருந்து தோளில் தூக்கி, பக்கவாட்டில் ஒருக்களித்து நடந்து, தெருவில்தான் இறக்கி விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் இறக்குவார். "பதினெட்டு வயசு ஆகட்டும். அப்புறம் கடையில கால் வைக்கட்டும்" என்பார்.

"பதினெட்டு வயசுப் பொண்ணையும் தோள்லதான் தூக்கிட்டுப் போவீங்களா?" என்பாள் பெண்டாட்டி. "இடுப்பு ஒடஞ்சு போயிடும், பார்த்துக்குங்க."

அவர் வெளியே ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டப் போகிற நேரமாகப் பார்த்து அவள் பாடம் நடத்துவாள். முதல் பாடம், செருப்பு. கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் நேராகச் செருப்புக்குள் போக வேண்டும். அடுத்தது, கடைக்குள் நடக்கும்போது இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். எதையும் தொடக் கூடாது, எதன் மேலும் சாயக் கூடாது, ஓடக் கூடாது. இதையே ஒரு வருஷம் நடத்தினாள். அப்புறம் கூட்டுவது. பெருக்குமாறு எடுத்து முடித்ததும் ஈரப்படுத்திய செய்தித்தாளைத் தரையில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், அதில்தான் பொடி ஒட்டும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் எங்கே மின்னுகிறது என்று தெரியும். அப்புறம்தான் கிளவுஸ். குழந்தைக் கைக்கு ஏற்ற கிளவுஸ் கடையில் கிடைக்காமல் என்னிடம் வந்து தோல் கொடுத்துத் தைத்துக்கொண்டு போனாள். தைத்துக் கொடுத்ததற்கு அந்த மனுஷன் என்னோடு ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு பாடம் முடிந்தால் அடுத்த பாடத்தை அவளாகத் தூக்கிக் கொடுக்க மாட்டாள். பிள்ளை வந்து "அடுத்தது என்னம்மா?" என்று கேட்கிறவரைக்கும் காத்திருப்பாள். அப்போதும் உடனே கொடுத்துவிட மாட்டாள். பழையதை ஒரு தடவை செய்து காட்டச் சொல்வாள். ஒரு விரல் எதையாவது தொட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

இதெல்லாம் சரி. ஒரு நாள் மத்தியானம் பின்பக்கம் மதிலுக்கு அந்தாண்டை சளார் சளார் என்று கண்ணாடி உடைகிற சத்தம். ஒன்று, இன்னொன்று, மறுபடியும் ஒன்று. என் கடையில் அளவு கொடுக்க வந்தவர் பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டார். எனக்கு வந்தது கோபம். முக்காலி போட்டு ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினேன்.

சாக்கு விரித்திருந்தது. சில்லு கிளவுஸ் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட ஷூ போட்டுக்கொண்டு, ஒரு உடைசல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள். அம்மாக்காரி திடீரென்று "விடு!" என்கிறாள். பிள்ளை இரண்டு கையையும் விரித்துப் பின்னால் ஒரே தாவு. கண்ணாடி சாக்கில் விழுந்து நொறுங்குகிறது.

"ஏம்மா, என்ன கூத்து இது? பிள்ளைக்கு ஒரு சாமானை ஒழுங்காப் பிடிக்கக் கத்துக் குடுப்பாங்க. நீ போட்டு உடைக்கக் கத்துக் குடுக்குற?"

"பிடிக்கத் தன்னால வரும்க்கா. விடத்தான் வராது" என்றாள். "கையில இருக்குற கண்ணாடி நழுவுச்சுன்னா உங்களுக்கு என்ன தோணும்? டக்குன்னு பிடிக்கத்தான் தோணும். அந்தப் புத்தியை மொதல்ல எடுக்கணும். யோசிக்கிறதுக்குள்ள கை விரியணும், கால் பின்னால போகணும்."

"சத்தம் தாங்கல. என் ஆளுங்க ஓடிப் போறாங்க."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து டிரம்மைப் பார்த்துவிட்டார். அந்தச் சண்டையைச் சுவர் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்டது.

"கண்ணாடி வியாபாரம் பண்றவன் வீட்டுல கண்ணாடியைப் போட்டு உடைக்கிறதுக்கு டியூஷனா? உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"உங்க முழங்கையில இருக்குற தையல் எப்படி வந்துச்சு? விழுந்த ஷீட்டைப் பிடிக்கப் போயித்தானே?"

"பிடிச்சேன்! அதனாலதான் அன்னிக்கு அந்த ஷீட்டு தப்பிச்சுது. அதைச் சொல்லு ஊருக்கு!"

"ஷீட்டு தப்பிச்சுது. நீங்க மூணு மாசம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. வெட்டுனது யாரு, தூக்குனது யாரு, மாட்டுனது யாரு? நான்!"

"இதப் பாரு. அவ கையில ஒரு கீறல் பார்த்தேன்னு வை, அன்னிக்கே தங்கச்சி வீட்டுல கொண்டு போய் விட்டுருவேன். அங்க படிக்கட்டும், வளரட்டும். இந்த வீட்டுப் பக்கமே வர வேண்டாம்."

"கொண்டு போங்க பார்க்கலாம். என் பொண்ணு இந்த வாசலைத் தாண்டுனா அப்புறம் நான் யாருன்னு பார்ப்பீங்க."

அதிலிருந்து எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் இதில் வந்துதான் முடியும். அத்தை வீட்டுக்கு அனுப்புவேன், அனுப்ப விடமாட்டேன். நடுவில் சில்லு முக்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாள். நீ என்னம்மா சொல்றே என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? என் காதுக்கு வந்ததில்லை.

பன்னிரண்டு வயதில் கட்டர் கையில் வந்தது. சின்னப் படச்சட்டங்களுக்கு வெட்டுவாள். ஒரே கோடு, ஒரே அழுத்தம், நடுவில் நிறுத்தக் கூடாது, போட்ட கோட்டின் மேல் திரும்பவும் போடக் கூடாது. கோடு சரியாக விழுந்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராத கோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையே டிரம்மில் போட்டுவிடுவாள். ஒரு நாள் படச்சட்டம் வாங்க வந்த ஆள் எதிரில் அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். அவள் கையிலிருந்து கட்டரைப் பிடுங்கி மேஜையில் எறிந்தார். டப்பா கவிழ்ந்து மண்ணெண்ணெய் கம்பளத்தில் ஓடியது.

"வேலை பார்க்குற கையைப் பிடிச்சு இழுத்தீங்களே, அதுலதான் வெட்டும். அவ வெட்டுறதுல இல்ல" என்று பெண்டாட்டி சொன்னாள். அதுதான் கடைசி. அதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

நின்றுபோனது என்றால் வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிள்ளைக்கு வேலை கூடிப் போனது, அவ்வளவுதான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. டீ வெச்சு எவ்வளவு நேரம் ஆச்சு, நாய்கூடக் குடிக்காது, வேணும்னா வந்து குடிக்கட்டும்."

"அப்பா, டீ ஆறுதாம்."

"உங்கம்மாகிட்ட சொல்லு. இந்த வீட்டுல விஷம் வெச்சுக் குடுத்தாலும் குடிப்பேன், அவ கையால வேண்டாம்."

"அம்மா, அப்பாவுக்கு இப்ப வேண்டாமாம்."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டும் கேட்கும். போனது என்ன, வந்தது என்ன என்று கேட்கும். அந்தப் பிள்ளை இரண்டு பேர் வாயிலிருந்து வருகிறதையும் வாங்கி, கல்லையும் மண்ணையும் எடுத்துவிட்டு, அரிசியை மட்டும் கொண்டு போய்க் கொடுத்தாள். பன்னிரண்டு வயதில் நான் எல்லாம் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மரம் ஏறிக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் அம்மாக்காரியிடம் கேட்டேன். "எத்தனை நாளைக்கு இந்த ஊமை நாடகம்? பேசித் தொலையேன்."

"தப்பு அவர் மேல. அவர் மொதல்ல பேசட்டும்க்கா."

அவரிடமும் கேட்டேன். "பிள்ளை பாவம் இல்லையா?"

"அதை அவகிட்ட போய்க் கேளுங்க. பிள்ளையைக் கத்தி முனையில நடக்க விடுறது அவ. நான் இல்ல."

இரண்டு பேருக்கும் பிள்ளை மேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உயிரை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளையை இப்படிப் பிழிந்தெடுக்க முடியும் என்று அந்தச் சுவர்தான் எனக்குக் காட்டியது.

முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் பெரிய முகக்கண்ணாடி சொல்லியிருந்தார். சுவர் அகலத்துக்கு ஒரே துண்டு. மறுநாள் கடை திறப்பு, இன்றைக்கே வந்தாக வேண்டும் என்று போன் மேல் போன். அன்றைக்குப் பார்த்துக் காலையிலிருந்து தூறல். தூக்க வருகிற ஆள் மழையைச் சாக்காக வைத்து வரவில்லை. வேன் வாசலில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

வேறு வழியில்லை. புருஷனும் பெண்டாட்டியும்தான் தூக்கியாக வேண்டும்.

பெரிய கண்ணாடியைத் தூக்குகிற முறை எனக்கே தெரியும், இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். நிறுத்தினபடி, ஆளுக்கு ஒரு முனையில், ஒரு கை அடியில், ஒரு கை ஓரத்தில். முன்னால் போகிறவருக்கு வழி தெரியும், அடிப்பக்கம் தெரியாது. பின்னால் வருகிறவருக்கு அடிப்பக்கம் தெரியும், வழி தெரியாது. அதனால் வாய் நிற்கவே கூடாது. தூக்கு, நட, மெல்ல, படி இருக்கு, நில்லு, இறக்கு என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். பேசாமல் தூக்கினால் கண்ணாடி ஆளுக்கு ஒரு பக்கம் இழுபட்டு உடையும் என்று அவரே வேலையாட்களைத் திட்டுவார்.

நான் என் கடை வாசலில் திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, தூக்கலாம்னு."

"தூக்கலாமாம்ப்பா."

கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அடப் பாவிகளா, இதிலுமா என்று நினைத்தேன். ஆமாம், இதிலும்தான்.

அவர் முன்னால் வந்தார். கண்ணாடி வந்தது. அதில் தெரு முழுக்கத் தெரிந்தது, மழையும் வேனும் நானும். பின்னால் அவள். பக்கத்தில் கொஞ்சம் தள்ளி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சில்லு. இந்தப் பக்கம் பார்த்து ஒன்று சொல்கிறாள், அந்தப் பக்கம் பார்த்து ஒன்று சொல்கிறாள். மெல்ல நடக்கச் சொல்றாங்கப்பா. அப்பா இடது பக்கம் வரச் சொல்றாரும்மா.

வாசலில் ஒரு கல் படி. அவர் அதைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்துவிட்டார். கண்ணாடியின் அடி கல்லுக்கு மேலே வரவில்லை என்பதைப் பின்னால் இருந்தவள் பார்த்துவிட்டாள்.

"நிக்கச் சொல்லு!"

"அப்பா, நில்..."

அதற்குள் அவர் இன்னொரு அடி எடுத்து வைத்துவிட்டார். கல்லில் டொக்கென்று ஒரு சத்தம். அடியிலிருந்து ஒரு கீறல் மேலே ஓடுவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன்.

"விடுங்க!" என்று சில்லு கத்தினாள். அது யாரும் சொல்லச் சொல்லிச் சொன்னதில்லை, அவளாகச் சொன்னது.

அம்மாக்காரி கையை விரித்துப் பின்னால் போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டாள். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார்.

நான் ஓடினேன். மெஷின் மிதிக்கிற ஆள், எப்போதும் வெறுங்கால்தான். வாசலில் கால் வைக்கப் போகிறேன், ஒரு அதட்டல்.

"பெரியம்மா, செருப்பு!"

அப்படியே நின்றுவிட்டேன். சில்லு அவரைச் சுவரோரமாக உட்கார வைத்திருந்தாள். வலது கை கட்டைவிரலுக்குக் கீழே திறந்து கிடந்தது. அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற தன் கைத்துண்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். "கையை இறக்காதீங்கப்பா. என்னைப் பாருங்க. ரத்தத்தைப் பார்க்காதீங்க." அப்புறம் என்னிடம், "பெரியம்மா, சுத்தமான துணி, நீளமா. வேன்காரரை ஓடிடாம நிக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

ஓடிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரைச்சீலைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கையில் ரத்தம் ஓடுகிறது, பேச்சு மட்டும் வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம் என்றால் அதுவும் பிள்ளை வழியாகத்தான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, விட்டது அவதான்னு!"

"உங்கப்பாகிட்ட சொல்லு, விட்டிருந்தா கை இருந்திருக்கும்னு!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. வேன்காரன்கூடப் பயந்துபோனான்.

தையல் போட்டு, நரம்பு தப்பித்தது ஆனால் கட்டைவிரல் மடங்க நாளாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரி பெஞ்சில் சில்லு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுவியும் போகாத கறை நகத்துக்குள் இருந்தது. அழவில்லை. மெல்லச் சொன்னாள்.

"நான் லேட் பண்ணிட்டேன் பெரியம்மா."

"எதை லேட் பண்ணே?"

"அம்மா நிக்கச் சொல்லுன்னாங்க. நான் திரும்பி, அப்பான்னு கூப்பிட்டு, அப்புறம் நில்லுங்கன்னு சொல்றதுக்குள்ள... அப்பான்னு கூப்பிட்டிருக்கவே கூடாது. நேரா நில்லுன்னு சொல்லியிருக்கணும்."

எந்தப் பாவி இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பைக் கற்றுக் கொடுத்தது? "அது உன் வேலை இல்லடி. ஒரே வீட்டுல இருக்குற ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் நில்லுன்னு சொல்லிக்க முடியாதா? அது எப்படி உன் தப்பு?" என்றேன்.

அவள் நகத்துக் கறையைச் சுரண்டினாள். யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. அது உன் மேல விழுந்திருந்தா? நாளைக்கே அத்தை வீட்டுக்குப் போற. நானே கொண்டு போய் விடுறேன்."

"உங்கப்பாகிட்ட சொல்லு. உன் மேல விழாம இருந்ததே நான் சொல்லிக் குடுத்ததாலதான். நீ எங்கயும் போக வேண்டாம்."

சில்லு தட்டை ஓரமாக வைத்தாள்.

"நான் இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீங்க சொன்னதை அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். அப்பா சொன்னதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அத்தைக்கு போன் பண்ணிட்டேன். நாளைக்குப் போறேன்."

"பார்த்தியா!" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். பெண்டாட்டி முகம் வெளுத்துவிட்டது. "அப்பா சொல்லிக் குடுத்தாராடி? பயந்துட்டியா? இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தேனே, கண்ணாடியைப் பார்த்துப் பயந்துட்டியா?"

"கண்ணாடி மேல எனக்குப் பயம் இல்லம்மா. எங்க நடக்கணும், எங்க நிக்கணும், எல்லாம் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க நிக்கணும்னுதான் தெரியல. அப்பா சொல்றதுக்காகப் போகல. எனக்கு இங்க பயமா இருக்கு, அதனால போறேன்."

அவர் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சரி, நான் கொண்டு போய் விடுறேன்" என்றார்.

"நான் கொண்டு போய் விடுறேன்" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் வேண்டாம். அப்பா வந்தா அம்மா தோத்துட்டாங்கன்னு ஆகும். அம்மா வந்தா அப்பா தோத்துட்டாருன்னு ஆகும். பஸ் நேராப் போகுது. நானே போய்க்குவேன்."

அந்தப் பிள்ளை அதுவரைக்கும் தனியாக பஸ்ஸில் ஏறினது கிடையாது. அம்மாக்காரியின் பாடத்திலேயே அது இன்னும் வந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் பின்பக்க மதிலுக்கு மேலே அம்மாக்காரியின் தலை தெரிந்தது. கண் வீங்கியிருந்தது. "அக்கா, உங்க கால்ல விழறேன். அதே பஸ்ஸுல பின்னால ஏறிப் போங்க. அவ இறங்குறவரைக்கும் பார்த்துட்டு வந்துடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டப் போனால் வாசலில் அவர் நிற்கிறார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "டெய்லரக்கா, ஒரு உதவி. பின்னாலயே போயிட்டு வந்துடுங்க. அவ அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துட்டேன்னு நெனச்சுக்குவா."

இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுகிற வார்த்தை தீர்ந்துபோய்விட்டது எனக்கு.

சில்லு முதுகில் பையோடு கடைக்குள்ளிருந்து வந்தாள். அம்மா ஒரு பக்கம் நின்றாள், அப்பா ஒரு பக்கம் நின்றார். இரண்டு பேரிடமும் போயிட்டு வரேன் என்றாள். ஒருத்தரிடம் சொன்ன அதே குரலில் மற்றவரிடமும் சொன்னாள்.

பஸ்ஸில் நான் கடைசி வரிசையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முன்னால் ஜன்னலோரம். கண்டக்டர் வந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டை எடுத்துக் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லி, மிச்சத்தை எண்ணிப் பார்த்து உள்ளே வைத்தாள். பிறகு எழுந்து, கம்பிக்குக் கம்பி பிடித்து நேராக என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, யார் அனுப்புனாங்க?"

"யாரு அனுப்பணும்? எனக்கு அந்தப் பக்கம் நூல் வாங்கணும்."

"நூல் கடை அந்தப் பக்கம் இல்ல."

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"அம்மாவா, அப்பாவா?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அதைப் பார்த்திருக்கவே கூடாது நான். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டதையும் சொல்லாமல் விட்டதையும் பிரித்துப் பார்க்கத் தெரியும், அந்த வேலையைத்தானே இத்தனை நாள் செய்திருக்கிறாள்.

"தனித்தனியா வந்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டினாள். கோபம் எல்லாம் இல்லை. "அப்ப நீங்க அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்குங்க பெரியம்மா. அத்தை வந்து நிப்பாங்க. நான் போய்க்குவேன்."

இறங்கினேன். ஐம்பது வயதுக்காரியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இறங்கச் சொல்கிறது, நானும் இறங்குகிறேன். பஸ் போனது. அவள் திரும்பிக் கையை ஆட்டினாள்.

நடந்தே திரும்பி வந்தேன். கண்ணாடிக் கடை வாசலில் இந்த ஓரத்தில் அவர், அந்த ஓரத்தில் அவள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து வந்தார்கள்.

"ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் அவர்.

"என்னை இறங்கச் சொல்லிட்டா."

"சொன்னா இறங்கிடுறதா?" என்றாள் அவள்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டீங்களான்னு கேட்டா. இல்லன்னேன். இறங்கச் சொல்லிட்டா."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அதுவரைக்கும் அவர் அனுப்பினது அவளுக்குத் தெரியாது, அவள் அனுப்பினது அவருக்குத் தெரியாது. திடீரென்று அவள் நேராக அவரிடமே கேட்டாள்.

"பஸ்ஸுக்குக் காசு குடுத்தீங்களா?"

"நீ குடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"நான்... நீங்க குடுத்திருப்பீங்கன்னு இருந்துட்டேனே."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவகிட்ட இருந்துச்சு" என்றேன். "அவளே எடுத்துக்கிட்டா."